வால் விழுந்த புலி

நல்ல படம் எப்படி ஓடும் என்பது எல்லாருக்கும் தெரியும். மட்டமான படம் எப்படி ஓடும் என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஆம்பூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளே, நான் நாலாவது படித்தபோது எங்கள் ஊர் டாக்கீஸில் அப்படி ஒரு படம் ஓடியது. வேலூரில் ஒரே வாரத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். குடியாத்தத்தில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் மட்டும் அது போவதும் வருவதுமாகவே இருந்தது. புதுப்படம் எது வந்து படுத்துக்கொண்டாலும் டாக்கீஸ்காரர் அந்தப் பழைய படப் பெட்டியைத்தான் மறுபடி வரவழைப்பார். கூட்டம் அம்மும்.

அந்தப் படத்தில் என் தாய்மாமா நடித்திருந்தார். புலியாக.

மாமாவுக்கும் சினிமாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பச்சைத் தோல் வந்து இறங்கியதும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு முதலில் முடியை எடுப்பார்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சமயம் மதராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி ஏலகிரி அடிவாரத்தில் காட்டுப்படம் எடுக்க வந்தது. காட்டுப்படத்துக்குப் புலி வேண்டும். நிஜப்புலிக்கு அவர்களுக்கு வசதி இல்லை. தோலுக்குப் பேர் போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கம்பெனி மேனேஜர் ஷாப்புக்கு வந்தார். செம்பட்டை நிறத்தில் மாட்டுத் தோலாகப் பார்த்துப் பொறுக்கி மாமாவிடம் கொடுத்தார். பதப்படுத்தி, ஒரு ஆள் உள்ளே நுழைகிற மாதிரி தைத்துக் கொடுத்தால் போதும், புலிக்கோடுகளை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு நல்ல தோல்காரர் என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்தார். வந்த வினையே அதுதான். வழக்கப்படி தோலைச் சுண்ணாம்பில் போட்டு, முடியையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். பிறகு மரப்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள் சாயம் ஏற்றி, மெருகு போட்டார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். புலிக்கு முடி வேண்டுமே என்று ஷாப்பில் ஒரு மனிதருக்கும் தோன்றவில்லை. தோலில் முடி இருந்தால் வேலை அரைகுறை என்பதுதான் அவர்கள் கற்ற பாடம். தைத்த தோலைப் பார்த்து எல்லாரும் மாமாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார்களாம்.

ஷூட்டிங் அன்று காலையில் மூட்டையைப் பிரித்த டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு தோல் தைக்க நேரமில்லை. கோடு போட்டுச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் அடுத்த சிக்கல். அளவு பார்க்க ஆள் இல்லாததால் மாமா தன் உடம்புக்கே வெட்டித் தைத்திருந்தார். புலி வேஷத்துக்கென்று மதராஸிலிருந்து வந்த சண்டைக்காரர் மாமாவைப் போல் இரண்டு மடங்கு. அவருக்குக் காலே நுழையவில்லை. ஒல்லியான மாமாவையே உள்ளே விட்டு முதுகைத் தைத்துவிட்டார்கள். தலை மட்டும் மதராஸிலிருந்து வந்திருந்தது. அதற்குப் புசுபுசுவென்று முடி இருந்தது. கழுத்துக்குக் கீழே புத்தம்புது பூட்ஸ்.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஊரில் முக்கால்வாசி ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளிமார்கள் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள். தொழுகை முடிந்ததும் தொழிலாளிகள் எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், மேட்னிக்குத்தான் போவார்கள். அன்றைக்கு மாமா புதுச்சட்டை போட்டு எங்கள் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனார்.

இடைவேளைக்குப் பிறகு புலி வந்தது. வெயிலில் அதன் முதுகு பளீரென்று மின்னியது. ஒரு நிமிஷம் கொட்டகையே திகைத்துப் போனது. அப்புறம் முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னா நைனா, புலின்னு சொல்லிட்டு பூட்ஸக் காட்றான்!"

"டேய், நம்ம ஷாப்பு சரக்குடா இது! அந்தப் பாலிஷப் பாரு!"

கதாநாயகன் இடுப்பில் கை வைத்து நின்று, "புலியே! நீ காட்டுக்கு ராஜா என்றால் நான் வீட்டுக்கு ராஜா!" என்றான். பிறகு பாய்ந்து வாலைப் பிடித்து இழுத்தான். வால் கையோடு வந்துவிட்டது. அவன் வாலையும் புலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாலைக் கீழே போட்டான். அடுத்த காட்சியில் புலிக்கு வால் ஒழுங்காக இருந்தது. சிரிப்பில் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். அதன் பிறகு வெகு நாள் அவர் டாக்கீஸ் பக்கமே போகவில்லை.

ஊர் போனது. வாரா வாரம் போனது. போகப் போகப் படம் பார்க்கவே ஒரு முறை உண்டாகிவிட்டது. கதாநாயகன் வாயைத் திறக்கும் முன்பே கொட்டகை முழுக்க ஒரே குரலில் அந்த ராஜா வசனத்தைச் சொல்லிவிடும். வால் விழுந்ததும், "அண்ணே, வாலு! வாலு வுழுந்துச்சு பாரு!" என்று புலிக்கு எடுத்துச் சொல்வார்கள். அடுத்த காட்சி வந்ததும், "ஆங், மாட்டிக்கிச்சு!" என்று நிம்மதியாக உட்காருவார்கள். வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் இதற்கென்றே பஸ் ஏறி வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் புலியின் அக்கா மகன்.

அம்மாவுக்குத்தான் கவலை. மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் கூடிவந்து, படத்தைப் பார்த்த பிறகு தட்டிப்போனது. ஊரே கைகொட்டிச் சிரிக்கிற ஆளுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று ஒரு வீட்டில் வாய்விட்டே கேட்டுவிட்டார்கள். மூன்றாவதாக ஜோலார்பேட்டையில் ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் என்ஜின் டிரைவர். நல்ல குடும்பம். இதையும் விட்டால் வேறு இடம் இல்லை என்று அம்மா சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள்.

தரகர் அங்கே போய், மாப்பிள்ளை சினிமாவில்கூட நடித்திருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டார். உடனே பெண்ணின் அப்பா, அப்படியானால் படத்தைப் பார்த்துவிட்டே முடிவு சொல்கிறோம், ரயில்வே பாஸ் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார். குடும்பத்தோடு என்றால் பெண்ணும்தான். அவளைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு வர முடியாதாம்.

"டேய், டாக்கீஸ்காரன் கால்ல வுழுந்தாவது படத்த நிறுத்துடா" என்று அம்மா மாமாவிடம் கெஞ்சினாள்.

"நிறுத்தினா அடுத்த வெள்ளிக்கெழம வருவாங்கக்கா. பாஸ் இருக்குதில்ல" என்றார் மாமா.

அம்மா நேராக மேஸ்திரி பாய் வீட்டுக்குப் போனாள். மாமா வேலை பார்த்த ஷாப்பில் அவர்தான் மேஸ்திரி. மாமாவுக்கு உயிருக்கு உயிரான தோஸ்த். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பேஜார் ஆவாதம்மா. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தலையிலிருந்த தொப்பியைக்கூட எடுக்காமல் டாக்கீஸ் வாசலில் போய் நின்றுகொண்டார். டிக்கெட் வாங்கி வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து, "இன்னிக்கு கம்முனு பாக்கணும். நம்ம புலிக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்திருக்காங்க" என்றார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் சாவு வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போனார்கள்.

எங்கள் டாக்கீஸில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் அரைச்சுவர் இருக்கும். நான் சின்னவன் என்பதால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமாவுக்குப் பார்த்த பெண், ஜோலார்பேட்டை அக்கா. மாம்பழக் கலரில் தாவணி போட்டிருந்தது. கையில் ஒரு கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா, அவருக்கு அடுத்து மாமா, அடுத்து மேஸ்திரி பாய்.

அந்தப் படத்தை அதுவரை யாரும் சத்தமில்லாமல் பார்த்ததே இல்லை. அப்படிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு மட்டம் என்று எனக்கே தெரிந்தது. நகரவே மாட்டேன் என்றது. அந்த அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக் கொட்டாவி விட்டது. கூட வந்த பெரியம்மா, எப்போது முடியும் என்று அம்மாவைக் கேட்டார். புலி வந்தது. கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ராஜா வசனம் வந்தது. முன்பெஞ்சுக்காரர்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "த்சோ" என்றார். அது பாவப்பட்டுச் சொன்ன சத்தம். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வால் விழுந்தது. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் ஒரு குரல் எழுந்தது. "அண்ணே, வாலு! வாலு வுழுந்துச்சு பாரு!"

எந்தத் துரோகி என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். மாமா பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்து வைத்திருந்தார்.

"டேய், இன்னாடா நீயே..." என்று மேஸ்திரி பாய் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தார். மாமா காதில் வாங்கவில்லை. அடுத்த காட்சி வந்ததும், "ஆங், மாட்டிக்கிச்சு!" என்றார்.

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரி பாய் தொப்பியைக் கழற்றி வீசிப் பிடித்தார். பெண்ணின் அப்பா மாமாவை அண்ணாந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மாமாவைப் பார்த்தார். பிறகு அவர் வயிறும் குலுங்கத் தொடங்கியது. இந்தப் பக்கம் அந்த அக்கா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே என் தொடையில் பட்பட்டென்று அடித்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சிரிக்காதீங்க. அது எங்க மாமா" என்றேன்.

"தெரியுது. அதுக்குத்தான் சிரிக்கிறேன்" என்றது.

படம் விட்டதும் வாசல் சோடாக் கடையில் நின்றோம். "எல்லாஞ் சரி தம்பி, புலிக்கு முடியக் காணமே, ஏன்?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். மாமா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "பழக்கங்க. தோல்ல முடியப் பாத்தா கை சும்மா இருக்காது."

"நான் மட்டும் இன்னாவாம்? கல்யாண வூட்டுப் பந்தியில எவனாச்சும் பச்சத் துண்ட ஒதறினா, கொடி காட்றான்னு எல விட்டு எழுந்து பொறப்பட்டுடுவேன்" என்றார் அவர். இரண்டு பேரும் சோடா புரையேறுகிற வரைக்கும் சிரித்தார்கள். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். தானே எழுந்து தன்னைக் கிண்டல் பண்ணிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்ட மாமா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. பெரியவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா ஜன்னல் கம்பி வழியாக என்னைக் கையசைத்துக் கூப்பிட்டது.

"தம்பி, அந்த வாலு இப்ப எங்க இருக்குது?"

"எங்க வூட்லதான். ஆணியில தொங்குது. கம்பெனிக்காரங்க வுட்டுட்டுப் போன மீதித் தோலையெல்லாம் செருப்புக்கு வெட்டிட்டாங்க."

"அதப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லு உங்க மாமாவ."

வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு செய்தி என்று கொடுத்தால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவர் தட்டில் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, "இன்னான்னு சொல்லிச்சு? இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

பெரியவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒருவர் பத்திரமாக வை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிறார்கள். ஆகவே நானே முக்காலி போட்டு ஏறி வாலை எடுத்தேன். தூசி போகத் துடைத்தேன். எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். ஜோலார்பேட்டை அக்கா வந்து கேட்டால் வால் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அன்றைக்கு என் கவலை.