கோழிகள் அறிந்த சட்டை

நாய்க்கு மணியடித்துச் சோறு போட்ட கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் உளவியல் பாடம் என்னுடையது. மணி தூண்டல், வாயில் ஊறும் எச்சில் துலங்கல். பழக்கிவிட்டால் சோறே வராவிட்டாலும் மணிச் சத்தத்துக்கு நாய்க்கு எச்சில் ஊறும். பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. “என்ன இளிப்பு வேண்டிக் கெடக்குது? நாய்க்கு மட்டுந்தான் நடக்கும்னு நெனப்பா?” என்று அதட்டிவிடுகிறேன். இந்த அம்மாவுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிறந்த ஊர் சேந்தமங்கலத்துப் பக்கம். தோட்டத்தில் நின்றால் கொல்லிமலை தெரியும், காற்று திரும்பினால் கோழி எரு நாறும். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கு அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாளில் அவருக்கும் அது தெரியாமல் போனது. புலன் பழகிப்போவது என்று இதற்கும் என் பாடத்தில் இடம் உண்டு. பாடத்தில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, அதுதான் அதில் பயம்.

முட்டைக்கோழி ஷெட்டுக்குள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. கூண்டுக் கோழிக்குப் புது ஆள் ஆகாது, புது நிறம் ஆகவே ஆகாது. பழகாத சேலை ஒன்று வாசலில் தெரிந்தால் போதும், முதல் கூண்டில் அடிக்கிற இறக்கை கடைசிக் கூண்டுவரை ஓடும். கம்பியில் கழுத்து மாட்டிச் சாகும். மறுநாள் ஓடில்லாத தோல்முட்டையாக விழும். அதனால் உள்ளே போகிறவர்கள் அதற்கென்று ஒரே சட்டை வைத்திருப்பார்கள், நுழையும் முன் ஒரே மாதிரி சத்தம் கொடுப்பார்கள். எங்கள் பண்ணையில் அந்தச் சட்டை அப்பாவின் பழைய நீல முழுக்கைச் சட்டை. அம்மா அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தீவனக் கிண்ணத்தால் வாசல் இரும்புத் தூணில் இரண்டு தட்டு தட்டி, “வாரேன் சாமி, வாரேன்” என்பாள். உள்ளே இருக்கிற இரைச்சல் தணியும். பிறகுதான் காலை எடுத்து வைப்பாள்.

அம்மா ஒரு மாசி மாதம் காய்ச்சலென்று படுத்தாள், எழவில்லை. காரியமெல்லாம் முடிந்து, சட்டை நினைவே இல்லாமல், தீவனம் போட அண்ணன் உள்ளே போனான். ஷெட்டே அலறியது. தலையெல்லாம் இறகோடு வெளியே வந்து, “என்னையத் திருடனாட்டம் பாக்குதுங்க, அம்மிணி” என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன்மேலா, கோழிகள்மேலா, சொல்லாமல் போய்விட்ட அம்மாமேலா, தெரியவில்லை. ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நானே போனேன்.

உச்சிவெயில் நேரம். தூணில் இரண்டு தட்டு தட்டினேன். “வாரேன் சாமி, வாரேன்” என்று என் வாய் சொன்னது. சத்தம் நின்றது. அவ்வளவு பெரிய ஷெட்டில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கூண்டுக்கு வெளியே வரிசை வரிசையாகத் தலைகள் நீண்டன. கோழி நேராகப் பார்க்காது, முகத்தைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்க்கும். அத்தனை ஒற்றைக் கண்களும் என்னைப் பார்த்தன. பிறகு எல்லாம் ஒன்றாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு தீவனத்துக்குக் காத்திருந்தன.

அவற்றுக்கு அம்மா சாகவில்லை. கொஞ்ச நாள் எங்கேயோ போயிருந்தாள், வந்துவிட்டாள். நான் அங்கே வரவே இல்லை. தீவனத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து சட்டையைக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பிறகுதான் என்னால் அழ முடிந்தது.

அந்தக் கோழிகள் வயதாகி வண்டி ஏறிப் போயின. புதுக்கோழிகள் வந்தன. வேலைக்கு வைத்த அம்மாளும் அதே சட்டையைப் போட்டு, அதே தூணில் தட்டினார். அம்மாவைக் கண்ணாலேயே பார்த்திராத கோழிகள் அந்தச் சட்டைக்கு அடங்கின.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அப்பா கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தார். முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு அம்மா இறந்த சேதி. பிறகு என்னை. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டி, விரிசல் விழுந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் தனியே வைப்பார். கை கற்றது ஒரு இடத்திலும் முகமும் பெயரும் வேறிடத்திலும் இருக்கும் என்று வகுப்பில் சொல்லுவேன். எதிரே கட்டிலில் உட்கார்ந்து முட்டையைத் தட்டிக்கொண்டு, “ஆருங்க நீங்க? ஊட்டுல பொம்பளைங்க இல்லீங்க. அப்பறமா வாங்க” என்று பெற்ற தகப்பன் சொன்னால் அந்தப் பாடத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “சாமி” என்பார். கல்லூரிக்கு வேலைக்குப் போன பிறகும், எனக்கு நரை விழுந்த பிறகும் சாமிதான். அந்த ஒரு வார்த்தைக்காக வாராவாரம் பஸ் ஏறினேன். பழைய போட்டோவைக் காட்டினேன். சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழக்கியதைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “அப்படீங்களா” என்பார்.

பிறகு சாப்பாட்டை நிறுத்தினார். அண்ணன் கெஞ்சினான், அண்ணி பிசைந்து கொடுத்துப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. எங்கள் அப்பா ஒரு காலத்தில் தீவன மூட்டையைத் தனியாளாகத் தோளில் ஏற்றியவர். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி ஆகிவிட்டார். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான், அதையும் பிடுங்கி எறிவார், அப்புறம் என் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு வேலைக்கார அம்மாள் வரவில்லை. அண்ணன் நாமக்கல் போயிருந்தான். கோழிகளைப் பட்டினி போட முடியாதே என்று நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு தீவனம் போட்டேன். முடித்து வெளியே வந்து, கிண்ணத்தில் ஒட்டியிருந்த தவிடு உதிரட்டும் என்று தூணில் இரண்டு தட்டு தட்டினேன். புங்கமரத்தடியில் கட்டிலில் சுருண்டு கிடந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“ஏம்புள்ள, கோழி தின்னுதா?”

அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். “தின்னுதுங்க” என்றேன். அம்மா சொல்கிற மாதிரியே, கடைசியில் கொஞ்சம் இழுத்து. நான் யோசித்துச் சொல்லவில்லை.

“அப்ப எனக்குஞ் சோத்தப் போடு. பசி உசுரு போவுது.”

அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோற்றைத் தட்டு நிறையச் சாப்பிட்டார். நெய் போதவில்லை என்று என்னை ஏசினார். திரும்பி வந்த அண்ணன் காலித் தட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். அழுதுவிட்டு, “ஆடிக் கறக்கற மாட்ட ஆடிக் கறக்கோணும், பாடிக் கறக்கற மாட்டப் பாடிக் கறக்கோணும். நீ பாட்டுக்குச் சட்டையப் போட்டுக்க அம்மிணி” என்றான்.

மறுநாள் அண்ணி அதே சட்டையைப் போட்டுத் தட்டை நீட்டினாராம். “ஆரு அது, எம்பொண்டாட்டி சட்டையப் போட்டுட்டுத் திரியறது?” என்று அப்பா தட்டை வீசிவிட்டாராம். கோழிக்குச் சட்டை போதும். அப்பாவுக்குச் சட்டையோடு அம்மாவின் முகவெட்டும் வேண்டும், குரலும் வேண்டும். இரண்டும் என்னிடம்தான் இருந்தன. கல்லூரி விட்டதும் தினமும் பஸ் ஏறினேன்.

போனதும் முதலில் நான் நானாகவே அப்பா எதிரில் போய் நிற்பேன். “அப்பா, நாந்தான்” என்பேன். “ஆருங்க?” என்பார். “உங்க மகப்பா.” “அப்படீங்களா, உக்காருங்க” என்று வேறு பக்கம் பார்ப்பார். சரி என்று ஷெட் பக்கம் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூணில் தட்டிவிட்டு வருவேன். “ஏம்புள்ள, இத்தன நேரமா?” என்று முகம் மலரும். சாப்பிடுவார், மாத்திரை போடுவார், பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டதாக என்னிடம் புகார் சொல்லுவார். அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் செத்து எத்தனையோ காலமாகிறது. “அவங்கெடக்கறான் வுடுங்க” என்பேன். அது அம்மாவின் பதில். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

அப்பாவின் உடம்பில் சதை பிடித்தது. என்னிடம்தான் ஏதோ நடந்தது. ஒருநாள் சேலத்தில் என் வீட்டுக் கதவைத் திறந்த என் வீட்டுக்காரர், “காலிங் பெல் இருக்கறப்ப எதுக்குச் சாவியில கிரில்லத் தட்டற? அதுவும் தெனமும் ரெண்டு தட்டு” என்றார். நான் தட்டியதே எனக்குத் தெரியாது. வகுப்பில் டஸ்டரால் மேசையில் தட்டினேன், பிள்ளைகள் கப்சிப்பென்று அடங்கி என்னைப் பார்த்தார்கள். முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடையில் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது என்று அண்ணி சொன்னார். அம்மாவுக்கு அந்தப் பக்கம் இடுப்புவலி. எனக்கு வலி எதுவும் இல்லை. ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் அசைந்தபோது அவளும் அசைந்தாள்.

நாயைப் பழக்கியவனை நாய் என்ன செய்தது என்று எந்தப் பாடத்திலும் எழுதவில்லை. அவன் கையும் சோறு போடும் முன் மணியைத் தேடியிருக்கும்.

போன மாதம் ஒரு சாயங்காலம். வழக்கம்போல முதலில் அப்பா எதிரில் போய் நின்றேன். வழக்கம்போல ஆருங்க. போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அண்ணி முட்டைக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே இருந்த அப்பா பாதியில் நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் பேசினார்.

“ஏம்புள்ள, ஒரு பொம்பள தெனமும் வருது, பாத்தியா? வந்து நின்னு, நாந்தான் உங்க மகங்குது.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?” என்றேன்.

“நா என்னத்தச் சொல்ல? நம்ம சாமி சின்னப்புள்ள. இது தல நரச்ச பொம்பள. ஆனா மொகத்தப் பாத்தா நம்ம சாமியாட்டமே இருக்குது. பாவம், ஆரு பெத்ததோ. எங்கயோ வழி தெரியாம வருதாட்ட இருக்குது.” தட்டில் இருந்த சோற்றைக் கையால் இரண்டாகப் பிரித்தார். ஒரு முட்டையை அந்தப் பக்கம் ஒதுக்கினார். “நா தின்ன மிச்சம்னு நெனச்சுக்கப் போவுது. வேற தட்டுல போட்டு வெய்யி. அது தெனமும் வருது, ஒரு நாளாச்சும் நாம ஒரு வாய் சோறு போட்டமா? பசியோடதான் போவுது.”

வேறு தட்டில் போட்டு வைத்தேன். கை கழுவுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனேன். எத்தனையோ மாதமாக அந்தச் சாமி என்ற வார்த்தைக்குத் தவம் கிடந்தேன். அது வந்தது, என்னைப் பார்த்து வரவில்லை. அழுதால் சத்தம் கேட்குமே என்று சட்டைக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். தவிடும் வியர்வையும் நாறின. பிறகு சட்டையைக் கழற்றி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, என் சேலையில், என் நடையில், நான் வழி தப்பி வந்த பொம்பளையாகவே உள்ளே போனேன்.

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க. சாப்புடுங்க. எங்க ஊட்டுக்காரி உங்களுக்குன்னு வெச்சுட்டுப் போயிருக்கறா.”

உட்கார்ந்தேன். ஒரு வாய் அள்ளி வைத்தேன். விழுங்கினேன். நான் சாப்பிடுவதை அவர் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பார்வை என்னைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கம் போனது.

“ஏம்புள்ள, அங்கயே நின்னுட்டிருக்கற? அந்தப் புள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து.”

ஷெட்டில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கோழிகளின் இரைச்சல் தணிந்திருந்தது. பின்னால் ஆணியில் தொங்குவது ஒரு சட்டை. அதை மாட்டியது நான். தூண்டலும் துலங்கலும் எனக்கு மனப்பாடம். அப்படியும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலை குனிந்துகொண்டு, தட்டைப் பின்பக்கமாகக் கொஞ்சம் நீட்டினேன்.