தெரு முழுக்கக் கொடுத்த பெட்ரோல்

தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்து, வடிய மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு டயாலிசிஸ் தப்பிப்போயிருந்தது. முகம் ஊதி, மூச்சு இழுத்தது. படுத்தால் முட்டுகிறது என்று மாடி அறைச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். மெயின் ரோட்டு மேட்டில் ஆம்புலன்ஸ் நிற்பதாகப் போன் வந்தது. அங்கே ஏறி பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். நடுவில் வயக்காடு முழுக்க வெள்ளம்.

கடற்கரையிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு ஆட்களை மீட்க வந்திருந்த மீனவத் தம்பிகள் இருவர் எங்கள் மாடிக்குக் கீழே வந்து, "அக்கா, பெட்ரோல் தீந்துபோச்சு. கொஞ்சம் கெடச்சா கொண்டு விட்டுருவோம்" என்றார்கள். பங்க் முங்கிக் கிடந்தது. நான் மாடியிலிருந்து கத்தினேன் பாருங்கள், தெருவே வெளியே வந்துவிட்டது. மற்ற நாளில் குழாயடியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிற தெரு அது. அன்று ஒருத்தர் பாக்கியில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, முங்கிக் கிடந்த பைக்குகளின் டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சி, ஆளுக்குக் கொஞ்சமாகக் கேனை நிறைத்துக் கொடுத்தார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி வாய்க்குள் போனதைத் துப்பிக்கொண்டே, "சாரைப் பைய கூட்டிட்டுப் போங்கலே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊரைத் தாண்டி வயக்காட்டுக்கு நடுவே வந்ததும் மோட்டார் இருமியது. இரண்டு தரம் பொட்டுப் பொட்டென்றது. நின்றுவிட்டது.

பெரிய தம்பி கயிற்றை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். பெட்ரோல் குழாயிலிருந்த ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தான், பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினான். கடைசியில் கார்புரேட்டருக்கு அடியில் இருந்த திருகைத் திறந்து, வடிந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தான். மேலே பெட்ரோல், அடியில் உருண்டை உருண்டையாய்த் தண்ணீர்.

"பைக்கெல்லாம் முங்கித்தானக்கா கெடந்துச்சு? டேங்குக்குள்ள வெள்ளம் போயிருக்கு. அவசரத்துல எங்களுக்கும் தோணல."

நாசமாய்ப் போக, யாரைத் திட்டுவது? எல்லாரும் நல்ல மனதோடு கொடுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் படகின் விளிம்பை ஓங்கிக் குத்தினேன். கைதான் வீங்கியது.

"அசையாம வச்சா தண்ணி அடியில எறங்கிரும். மேலாக்குல உள்ளத மட்டும் எடுத்து ஊத்திப் பாப்போம்" என்றான். படகு ஆடினால் மறுபடியும் கலங்கிவிடுமாம். ஒரு கரண்டுக் கம்பத்தில் படகைக் கட்டினார்கள். கேனைச் சின்னவன் மடியில் அணைத்து வைத்துக்கொண்டான். "அக்கா, நீங்களும் சாரும் அசையாதீய" என்றான். தூரத்தில் ஆம்புலன்சின் சிவப்பு விளக்கு தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது, மோட்டார் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. பெட்ரோல் தெளியட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இருந்தேன். இவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கொஞ்சம் தண்ணி தா" என்றார்.

டயாலிசிஸ் பண்ணுகிறவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். எங்கள் வீட்டில் சண்டையே அதற்குத்தான். ஒரு மடக்குக் கூடக் கொடு என்று சின்னப் பிள்ளை மாதிரி நச்சரிப்பார். நான் சொம்பை ஒளித்துவைப்பேன், வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ஒருநாளும் இரங்கினதில்லை.

அன்று பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகித் திறந்து, பேசாமல் நீட்டினேன். கேட்டதைக் குடிக்கட்டும், பாவம் என்றிருந்தது.

அவர் கை நீளவில்லை. பாட்டிலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, அவ்வளவுதானா?" என்றார்.

பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தேன்.

தெளிந்த பெட்ரோலில் மோட்டார் திக்கித் திணறிக் கிளம்பியது. மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் நின்றது. தம்பிகள் மார்பளவுத் தண்ணீரில் குதித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் தண்ணீர்ச் சண்டை கிடையாது. உதடு வெடித்தாலும் அவர் கேட்பதில்லை. கேட்டால் நான் கொடுத்துவிடுவேனோ என்று பயப்படுகிறார்.