விரதம் இருந்த சைக்கிள்

இந்தப் பங்குனித் திருவிழா முடிகிறவரை நான் கருவாட்டைத் தொடவில்லை. பக்தி என்று நினைக்காதீர்கள். என் சைக்கிள் விரதம் இருந்தது.

சிரிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே ராசிபலன் இருக்கிறது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என்னிடம் திட்டு வாங்குபவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் கிராம சேவிகா வேலை. புகையில்லாத அடுப்பு, அம்மைக் குத்து, குழந்தைக்குப் பால் பவுடர் என்று ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசி, ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இதுவரை நடந்தே போனேன். இந்த வருஷம் ஒரு லேடீஸ் சைக்கிளைக் கொடுத்தார்கள். கூடவே இன்னும் நாலு ஊரையும் கொடுத்தார்கள். பங்குனி முடிவதற்குள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், முடியாதவர்கள் வேலையை வேறு ஒருத்திக்கு விட்டுவிடலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

வேலை போனால் எங்கே போவேன்? கீரமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குத்தான். சோறு போடுவார். குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் தொட்டுக்கொள்ள, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒன்று வைப்பார். அதை ஆயுசுக்கும் தின்ன வேண்டும்.

முதல் நாள் எனக்கு இருந்த ஆர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... விடிவதற்குள் எழுந்து, புடவையை இழுத்துச் செருகி, சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தேன். மறுநாள் முழங்கால் போயிற்று. அதற்கு மறுநாள் முழங்கை. அப்புறம் ஆர்வமே போயிற்று.

ஆர்வம் ஒரு விருந்தாளி. வரும், நன்றாகச் சாப்பிடும், வேலை வருகிற நேரம் பார்த்துச் சொல்லாமல் பஸ் ஏறிவிடும்.

பிறகு சாக்குகள் வந்தன. வெயில். தலைவலி. வெள்ளிக்கிழமை. எதுவும் கிடைக்காத ஒரு நாள், சைக்கிள் என்னை முறைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். கடைசியில் எனக்கே என் மேல் எரிச்சல் வந்து, திருவிழாவின் கடைசி நாள் வந்து என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்படி அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். ஆனால் சர்க்கார் சைக்கிளை ஒப்படைக்காமல் ராஜினாமா செல்லாது. சரி, முதலில் இந்தச் சனியனை ஆபீசில் தள்ளிவிட்டு வரலாம் என்று காலையில் வெளியே எடுத்தேன்.

ஹாண்டில்பாரில் மஞ்சள் கயிறு. அதில் வேப்பிலைக் கொத்து.

முந்தின நாள் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. நான் குடியிருக்கும் வீட்டுக்காரி வெள்ளையம்மா அக்கா கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே விளக்கம் சொன்னது.

"ஆளு சரியாத்தான் இருக்கீங்க. வண்டிதான் விழுந்துக்கிட்டே இருக்கு. அதான் பூசாரிய விட்டு வண்டிக்குக் கட்டச் சொன்னேன்."

காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. இது ஊர்ச் சட்டம். பூசாரியிடம் ஓடினேன்.

"ஆபீசுக்குத் தாராளமாப் போயிட்டு வாங்க, சேவிகாம்மா. ராத்தங்கத்தான் கூடாது."

"நான் எங்க தங்கப்போறேன்? சைக்கிள்தான் அங்க தங்கும்."

"காப்பு ஒங்களுக்கா கட்டியிருக்கு?" என்றார்.

கயிற்றை அறுத்துப் போட எனக்குத் தைரியம் இல்லையா? இருந்தது. ஆனால் இந்தச் சீமையில் மழை பெய்யாமல் இருப்பது சாதாரணம். இனிமேல் பெய்யாத ஒவ்வொரு மழைக்கும் நான்தான் பொறுப்பு என்பார்கள். மாடு கறவை வற்றினாலும் நான்தான். விட்டுவிட்டேன்.

அதோடு போயிற்றா? விரதம் இருக்கிற வண்டியைக் கவிச்சி தின்ற கையால் தொடக் கூடாதாம். என் கருவாட்டுப் பானையை அக்கா எடுத்து ஒளித்துவைத்துவிட்டது. காப்புக் கட்டியவர்கள் சாயங்காலம் கோயிலைச் சுற்ற வேண்டும். வண்டி தானாகச் சுற்றுமா? கொட்டுச் சத்தம் கேட்டதும் அக்கா விபூதித் தட்டோடு வாசலில் வந்து நிற்கும். எனக்கு மனசு இருக்கிறதா, உற்சாகம் இருக்கிறதா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. காய்ச்சல் அடிக்கிறது என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "வண்டிக்கு அடிக்கலயே" என்றது.

முதலில் உருட்டிக்கொண்டு போனேன். காப்புக் கட்டின வண்டியை ஒப்புக்கு உருட்டினால் அம்மன் ஏற்றுக்கொள்ளாது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஏறினேன். விழுந்தேன். மறுநாளும் கொட்டு அடித்தார்கள், மறுநாளும் ஏறினேன். நீர்மோர்ப் பந்தலில் ஒரு நாள், பானகப் பானையில் ஒரு நாள். அந்தப் பானகம் முழுக்கப் பூசாரி மேல். பாவம், ராத்திரி முழுக்க எறும்பு அவரைச் சுற்றியது.

கடைசி நாள் சாயங்காலம்தான் அது நடந்தது. ஏறினேன்... விழவில்லை. ஒரு சுற்று முழுசாக வந்துவிட்டேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஏறத்தான் கற்றிருந்தேன். இறங்குவது எப்படி? அதுவரை என்னைச் சைக்கிளே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி சுற்றினேன். கால் நின்றால் விழுவேன் என்ற பயத்தில் இன்னும் வேகமாக மிதித்தேன். தலைமுடி அவிழ்ந்துவிட்டது. கண் பிதுங்கியது. பிடிங்க, பிடிங்க என்று கத்தினேன். கொட்டுக்காரர்கள் அடியை வேகமாக்கினார்கள். எனக்கு அருள் வந்துவிட்டதாம்.

பூசாரி வேப்பிலையோடு பின்னாலேயே ஓடிவந்தார். "ஆத்தா, மழை எப்ப வரும்? சொல்லு ஆத்தா."

"மொதல்ல என்னையப் புடிங்கய்யா" என்று அலறினேன்.

"ஆத்தா கோவமா இருக்கு, அங்கிட்டு வெலகுங்க" என்று அவர் கூட்டத்தைத் தள்ள, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். என் பெட்டியைத் தூக்க வந்த அண்ணன். வாயைத் திறந்தபடி, நட்ட கல் மாதிரி.

அவர் மேல்தான் இறங்கினேன்.

இரண்டு பேரும் புழுதியிலிருந்து எழுந்தோம். "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார். வாய் நிறைய மண். துப்பிவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தி, ஹாண்டில்பாரை நேராக்கினார்.

"ஏறத் தெரிஞ்சவ ஏன் ராஜினாமா பண்றே? பிரேக்கு எங்கிட்டு இருக்குன்னு மட்டும் பாத்துக்க" என்றார். மறுநாள் காலை பெட்டி இல்லாமல் பஸ் ஏறினார், லேசாக நொண்டிக்கொண்டு.

அன்றே காப்பை அவிழ்த்தார்கள். அதிகாரி முன்னால் ஓட்டிக்காட்டினேன். பிரேக்கும் போட்டேன். வேலை நிலைத்தது.

ஆர்வம் திரும்பி வந்ததா என்று கேட்கிறீர்களா? வரவில்லை. காப்பு அவிழ்ந்த நாலாம் நாளே தலைவலி, வெயில், வெள்ளிக்கிழமை மூன்றும் சேர்ந்து வந்தன. படுக்கப்போனேன். வாசலில் விபூதித் தட்டோடு யாரும் இல்லை. அதுதான் ஆபத்து என்று பட்டது.

இப்போது ஹாண்டில்பாரில் ஒரு மஞ்சள் கயிறு இருக்கிறது. நானே கட்டியது. மனசு எப்படி இருந்தாலும் காலையில் வண்டியை எடுப்பேன் என்று அம்மனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கருவாட்டைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கக் கூடாது என்று அம்மனிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.