அழுக்கு என்று நான் சொன்ன ரூபாய்

பழைய காசு வியாபாரத்தில் முதலில் பழக்க வேண்டியது முகத்தைத்தான்: நல்ல காசைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. குன்னூரில் அப்படிப் பழக்கிய முகத்தோடு வருஷக்கணக்காகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்துகொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் தவித்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நாம் ஒரே ஜாதி, மேலே படியுங்கள். இல்லாதவர்கள் புண்ணியவான்கள், சிரித்துவிட்டுப் போகலாம்.

அரிசி இழுக்காத ராமர்

பக்கத்தில் காட்டேரி என்ற ஊரிலிருந்து, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு செப்புக்காசும் ஒரு கைப்பிடி அரிசியும் கொண்டுவந்தார். காசில் ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. இந்த மாதிரிக் காசு அரிசியைத் தன் பக்கம் இழுக்கும், கோடி ரூபாய்க்குப் போகும் என்று யாரோ அவரை நம்ப வைத்திருந்தார்கள். என் மேஜைமேல் அரிசியைப் பரப்பி, நடுவில் காசை வைத்து, கால் மணி நேரம் இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு அரிசிகூட அசையவில்லை.

அவ்வளவுதான், எனக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது. கம்பெனிக்காரன் தன் காசில் ராமரைப் போட்டதே கிடையாது, இதெல்லாம் பிற்பாடு யாரோ அடித்துவிட்டது, படித்தவர் இதைப் போய் வாங்கலாமா, விற்றவன் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டாமா என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் அரிசியைப் பொறுமையாகக் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: “ஏனுங்க, இதை உங்க கடையிலதானுங்க வாங்கினேன்.”

காலையில் பழமை, மத்தியானம் அழுக்கு

வெள்ளி ரூபாய் பெட்டியில் கிடந்து கிடந்து கறுத்துப்போகும். அந்தக் கறுப்பை அப்படியே விட்டால்தான் காசு சேர்ப்பவர்கள் நல்ல விலை தருவார்கள். தேய்த்தால் விலையும் சேர்ந்து தேய்ந்துவிடும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

ஒருநாள் காலை பெங்களூர் தம்பதிக்கு ஒரு கறுத்த விக்டோரியா ரூபாயை விற்றேன். “1862 சார், இந்தக் கறுப்பே அதோட பழமைக்குச் சாட்சி” என்று அளந்துவிட்டேன். அந்த ராணி ரூபாயை 1862 என்ற வருஷத்தை மாற்றாமலே பல வருஷம் அடித்தார்கள் என்பது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. மத்தியானம் அருவங்காட்டுக்காரர் ஒருவர் அதே மாதிரிக் காசை விற்க வந்தார். “என்னங்க இது, அழுக்குப் பிடிச்சுக் கிடக்குது” என்று உதட்டைப் பிதுக்கி விலையைப் பாதியாக்கினேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து காலையிலிருந்து கடையிலேயே இருந்த என் மனைவி, அவர் போனதும் கேட்டாள்: “காலையில பழமையா இருந்தது மத்தியானத்துக்குள்ள அழுக்காயிடுச்சுங்களா?”

பன்றியாகிப்போன யானை

1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் உடுப்பில் ஒரு சின்ன யானை உண்டு. தும்பிக்கை சரியாக அமையாததால் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்து, சச்சரவு கிளம்பி, அடுத்த வருஷமே அச்சை மாற்றிவிட்டார்கள். அதனால் மற்ற ஜார்ஜ் ரூபாய்களைவிட அதற்கு மவுசு அதிகம்.

அந்த ரூபாயோடு ஒருநாள் ராசம்மா வந்தார். கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். அங்கேயும் அந்தக் காலத்தில் இந்திய வெள்ளி ரூபாய் ஓடியது. அவருடைய அப்பா அதைத் துணியில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தாராம். ராசம்மாவின் கணவர் பேக்டரி இரைச்சலில் நின்று நின்று காது போனவர். அவருக்குக் காது மெஷின் வாங்கத்தான் காசை விற்க வந்திருந்தார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். யானை தேயாமல் அப்படியே இருந்தது. என் கண் விரியவில்லை. “ரொம்ப அழுக்கா இருக்குதுங்களே, வெள்ளி விலைதான் தர முடியும்” என்றேன். நாலு நாள் போனால் தானே இறங்கி வருவார் என்று நினைப்பு. அவர் முகம் சுண்டிப்போனது. காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். “எங்க வூட்டுச் சாமானை அழுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லைங்க.”

புளியும் செங்கல் பொடியும்

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ராசம்மா கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரூபாயை மேஜைமேல் வைத்தார். பளபளவென்று புது எவர்சில்வர் மாதிரி மின்னியது. புளியும் செங்கல் பொடியும் போட்டு, குத்துவிளக்கு விளக்குவதுபோல் இரண்டு நாள் விளக்கியிருக்கிறார். ராஜா முகமெல்லாம் கீறல். யானையும் இல்லை, பன்றியும் இல்லை. “இப்பப் பாருங்க, அழுக்கு இருக்குதா?” என்று கேட்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதும் ஏதாவது பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. காசில் அழுக்கே இல்லை, விலையைக் குறைக்க நான் சொன்ன பொய், விளக்கியதால் விலை போய்விட்டது என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். முதல் நாளே தந்திருக்க வேண்டிய தொகையை எடுத்து வைத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கம் தாங்காமல் கொடுத்தது. ராசம்மா எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார். மெஷின் வாங்க வேண்டுமே.

கணவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. “என்னவாம்? என்ன சொல்றாரு?” என்று மனைவியின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைக்குள் நாலைந்து டூரிஸ்டுகள், வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு. ராசம்மா அவர் காதோடு வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார்: “காசு நல்ல காசாம்! இவரு வாய்தான் அழுக்காம்!”

ராஜா ராணிக்கெல்லாம் விலை சொல்லிப் பிழைக்கிற எனக்கு முதல்முதலாக விலை சொன்னவர் ராசம்மாதான். இன்றைக்கும் ஆட்டோ ஸ்டாண்டில் என்னைப் பற்றி விசாரித்தால் அந்த விலையில் பைசா குறைக்காமல் சொல்கிறார்கள்.