மானிய அறையில் ஒரு கிரீச்

எங்கள் மாமாவுக்குத் தெருவில் ‘சத்தம்’ என்று பெயர். இத்தனைக்கும் அவர் அதிகம் பேசமாட்டார். சினிமாவுக்கும் விளம்பரங்களுக்கும் வேண்டிய சின்னச் சின்ன ஓசைகளைச் செய்து கொடுப்பது அவர் தொழில். திரையில் கதாநாயகி மாடிப்படி ஏறினால், ஏதோ ஓர் அறையில் மாமா பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பலகைமேல் நடந்திருப்பார். பறவை பறக்க வேண்டுமானால் தோல் கையுறைகளை உதறுவார். எலும்பு முறிய வேண்டுமானால் முட்டைக்கோஸ் தண்டை ஒடிப்பார். மிச்ச முட்டைக்கோஸை அத்தை சமைத்துவிடுவாள்.

அவர் யாரையும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் ஒரு கதவு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கம்பெனிக்காக அவர் சாத்திக் கொடுத்த கதவு, பிறகு யார் யாருடைய விளம்பரங்களிலோ சாத்திக்கொண்டே இருந்தது. டிவியில் அது கேட்டால் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என் கதவு” என்பார்.

“தெரியுது, டீ ஆறுது” என்பாள் அத்தை.

பூட்டிக் கிடந்த ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், உள்ளூர்க் கலைஞர்களுக்காகப் பொது ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க அரசாங்கம் மானியம் ஒதுக்கியது. தரைக்கும் சுவருக்கும் பலகை அடிக்கும் வேலை என் அப்பாவுக்குக் கிடைத்தது. அப்பா தச்சர். அதுவரை அலமாரி, கட்டில், கடை மேஜை என்றே காலம் ஓட்டியவருக்கு அது பெரிய வேலை. அது நன்றாக அமைந்தால் அடுத்த கூடங்களும் தன் கைக்கு வரும் என்று நம்பினார்.

மாமாவையும் கூப்பிட்டார்கள். கூடத்துக்கென்று ஓர் ஒலித் தொகுப்பு வேண்டுமாம். மாமா செய்து கொடுத்தால் கூலி உண்டு, வாரத்தில் ஒருநாள் அறை அவருக்கு இலவசம். தொகுப்பில் இருப்பதை உள்ளூரில் படம் எடுக்கும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். விதிகள் அலுவலக ஆங்கிலத்தில் இருந்தன. நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வரிவரியாக அவருக்குத் தமிழில் சொன்னேன்.

“உள்ளூர்னா எதுவரைக்கும்?”

“அது போடலை மாமா.”

“போடமாட்டாங்க.”

“ஏன்டா, குடுக்கிறது அரசாங்கம். கந்துவட்டிக்காரன் இல்லையே” என்றாள் அம்மா.

“அவன் திருப்பிக் கேப்பான் அக்கா. இவங்க கேக்கவே மாட்டாங்க. அதான் உதைக்குது.”

ஆனாலும் சம்மதித்தார். அந்த வருடம் அவருக்கு வேறு வேலை அதிகமில்லை. சம்மதித்த கையோடு யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். விரல் நீள மரத்துண்டில் துளையிட்டு, இறுக்கமாக ஒரு முளையைச் செருகினார். முளையைத் திருப்பினால் லேசாகக் கிரீச்சிடும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். நடந்தாலும், கதவைச் சாத்தினாலும், நாற்காலியை நகர்த்தினாலும், ஒவ்வொரு பதிவின் வாலிலும் பைக்குள் கைவிட்டு ஒரு திருப்பு. நாளைக்கு எங்கேயாவது தன் ஓசை திருட்டுப்போனால் கையும் களவுமாகப் பிடிக்க அது அடையாளம். வீட்டில் அவர் அதைப் பழகிய நாட்களில் அத்தை அலமாரிக் கீலுக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டாள்.

பதிவு செய்த பெண் ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது முகம் சுளித்தாள். ஆள் நடமாடினாலே ஏதோ முனகுகிறது. ஆளில்லாத அறையைப் பதிவு செய்தால் ஒன்றுமில்லை. அப்படியானால் தரைதான். அவள் கலைத்துறை அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி வந்து காலால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

“எந்த மரம் போட்டீங்க?” என்று அப்பாவைக் கேட்டார்.

“நீங்க பாத்துச் சரின்னு சொன்ன மரம்தான் சார்.”

“பாத்ததும் போட்டதும் ஒண்ணுதானான்னு கேக்கிறேன்.”

அடுத்த வாரம் அதிகாரி முன்னால் தரையைப் பெயர்த்துக் காட்ட வேண்டும், அப்பா தன் செலவில் மறுபடி போட வேண்டும், அதுவரை மானியத்தின் கடைசித் தவணை கிடையாது என்று முடிவாயிற்று.

அன்று மாலை மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அப்பா சாப்பிடாமல் மரக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். பிறகு தன்னோடு வேலை செய்தவர்களைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புது மரம் காயும்போது வர்ற சத்தம். எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு போட்டுக் காட்டுச்சு. லேசா, கிரீ...ச்னு.”

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் அவரைப் பிடித்துக்கொண்டதைப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

“அலமாரிக்கு எண்ணெய் விட வச்சீங்களே, அதுதானே இது?”

“கண்டுபிடிச்சிட்டாங்க” என்றார் மாமா. “தரை, மரம்னு பேசறதெல்லாம் நாடகம். அத்தானை நெருக்கினா நானே வெளிய வருவேன்னு கணக்கு.”

“உங்களைப் பிடிக்க ஒரு தரையையே பேத்தெடுப்பாங்களா? நீங்க என்ன பேங்க் கொள்ளைக்காரனா?”

“இதெல்லாம் உனக்குப் புரியாது.”

“உங்க அக்கா வீட்டுல அடுப்பு அணைஞ்சா எனக்கு நல்லாப் புரியும்.”

குறித்த நாளில் அப்பா கடப்பாரையோடு போனார். கணக்கு வழக்கில் ஏதாவது புரியவில்லை என்றால் உதவட்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். அதிகாரி, பதிவுப் பெண், மாமா எல்லோரும் இருந்தார்கள். முதல் பலகையில் கடப்பாரையை வைக்கும் முன் அப்பா கேட்டார், “ஒரு தடவை நடந்து பாத்துட்டுப் பேத்தெடுக்கலாமா சார்?”

அதிகாரி மாமாவைக் காட்டினார். “நீங்க நடங்க. நீங்க நடக்கறப்பதானே வருது.”

மாமா நடந்தார். கூடம் கப்சிப்பென்று இருந்தது. மறுபடி நடந்தார். ஒன்றுமில்லை.

“இன்னைக்குன்னு பாத்து வரலை. ராத்திரி வந்து ஏதாவது ஆணி கீணி அடிச்சீங்களா?” என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார்.

அப்பாவின் காது சிவந்தது. குனிந்து பலகை இடுக்கில் கடப்பாரையைச் செருகினார். அவரே இழைத்துப் பொருத்திய பலகை. இடுக்கு அவ்வளவு நெருக்கம், கடப்பாரை இறங்கவில்லை. ஓங்கிக் குத்தினார். ஒரு சிராய் பெயர்ந்து வந்தது.

அப்போது கிரீச் என்றது.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்பாவும் தரையைத்தான் பார்த்தார். மறுபடி ஒரு கிரீச். நான் நிமிர்ந்தபோது மாமா சட்டைப் பையிலிருந்து அந்த மரத்துண்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்திருந்தார். மூன்றாவது முறை மெதுவாகத் திருப்பினார். “என் சத்தத்துக்கு அடையாளம் சார். திருட்டுப்போனா பிடிக்க.”

பதிவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா கோபமா தெரியவில்லை. அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “உங்க சத்தத்தை யாராவது திருடப் போறோம்னு சொன்னோமா?” என்றார்.

“சொல்லலை சார். அதனாலதான்.”

அப்பா கடப்பாரையைக் கீழே வைத்தார். உட்கார்ந்து, பெயர்ந்த சிராயை எடுத்து அது வந்த இடத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரைக்குக் கையெழுத்துக் கிடைத்தது. மாமாவின் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும், இந்தத் தடவை கூலி கிடையாது என்றார்கள். மாமா ஒத்துக்கொண்டார். ஆனால் அழிக்கும்போது அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு, கடைசிப் பதிவு போகும்வரை திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“இன்னொரு காப்பி எங்கயும் இல்லையேம்மா?”

“இல்லை சார்.”

“இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுவே.”

மறுபதிவு தொடங்கிய அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. பதிவறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமா செருப்புப் பையோடு வந்ததும் வழியை மறித்தார்.

“மச்சான், கையைத் தூக்குங்க.”

“அத்தான், என்ன இது?”

“தூக்குங்கன்னேன்.”

மாமா தூக்கினார். அப்பா சட்டைப் பை, கால்சட்டைப் பை, செருப்புப் பை எல்லாவற்றிலும் கைவிட்டுத் துழாவினார். மாமாவை உள்ளே விட்டபிறகும் நகரவில்லை. அன்று சாயங்காலம்வரை கதவில் காதை வைத்தபடி அங்கேயே நின்றார்.