தியேட்டர் கதவருகே சொன்ன பதில்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தேன். குடல்வால் வீங்கிய ஆறு வயதுப் பையனை வேலம்பாளையத்திலிருந்து தூக்கி வந்தார்கள். நடக்கையில் அடிக்கடி விழுவான் என்றார்கள்.

"உங்க பொறந்த ஊட்டுல யாருக்காச்சும் இப்படி இருக்குதுங்களா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார்.

"இல்லீங்க."

போலியோவாக இருக்கும் என்று நினைத்து, தசையைத் தளர்த்தும் ஊசியை எடுத்து வைத்தேன். அப்போது ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தட்டிக்கொண்டு அவன் அம்மா தனியாக வந்தாள்.

"பொய் சொல்லிட்டனுங்க. எங்கண்ணனும் இப்படித்தான் உழுந்து உழுந்து படுத்த படுக்கையாயிட்டானுங்க. வெளிய தெரிஞ்சா என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு மறைச்சுட்டோமுங்க."

தாய்வழியாக வந்து தசைகளை நலியச் செய்யும் இந்தப் பரம்பரை நோய் உள்ள குழந்தையின் இதயத்தை அந்த ஊசி நிறுத்திவிடக்கூடும். அதை ஒதுக்கிவிட்டு ஈதர் என்ற மயக்க மருந்தை மட்டும் வைத்துச் சமாளித்தேன். மதியம் பையன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான்.

அவள் பொய்யைப் பற்றியே பல நாள் பேசித் திரிந்தேன். மாமியார் முன்னால் வைத்துக் கேட்டது நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து தாய்மாரைத் தனியே அழைத்துக் கேட்கத் தொடங்கினேன். முதலில் "இல்லீங்க" என்றவர்களில் சிலர் அங்கே மெதுவாக, "இருக்குதுங்க" என்றார்கள்.