ஐந்து பொட்டு வைத்த பவர் சப்ளை

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை, காலை 8.40. வானம் மூடிக் கிடந்தது. முந்தின இரவு எங்கள் மாடியில் இருக்கும் மழைமானியில் 14 மில்லிமீட்டர். திருவேங்கடத்தில் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் 18 ரூபாய்.

இருபத்தொன்பது ஆண்டுகளாக மழையை அளந்து, ஆண்டுக்கு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நான்கு நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேனே என்று தைரியமாக இருந்தேன். சென்ற ஜூனில், விசாரிக்காமல் வாங்கிப் பூட்டிய பழைய பவர் சப்ளை வெடித்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அளவாகப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டே போயிற்று. அந்த நான்கு ஆண்டு மழை இப்போது எங்குமே இல்லை. மீதி இருபத்தைந்து நோட்டையாவது கரையான் தொடுமுன் ஏற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க் புதிதாக வாங்கியாயிற்று. மற்ற பாகங்களைப் புதிதாக வாங்கப் பென்ஷன் இடம் தராது.

9.35க்கு இறங்கினேன். பஸ் நிலையத்திலிருந்து 310 எட்டில் சேர்மத்துரையின் கடை. நாற்பது வயதிருக்கும். மதர்போர்டு, அதில் பூட்டிய பிராசசர், ராம், பவர் சப்ளை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தார்.

“ஒரே வருசம் ஓடினது அண்ணாச்சி. ஒரு ஜெராக்ஸ் கடையில பில் போட வச்சிருந்தாங்க. நேத்துதான் கழட்டுனேன். மொத்த செட்டு 5,500.”

“ஓட்டிக் காட்டும்.”

“இன்னைக்குப் பராமரிப்பு. ரெண்டு மணி வரைக்கும் கரண்டு கெடையாது. நம்பி எடுத்துட்டுப் போங்க.”

“ஓடலைன்னா?”

“கடையை விட்டு எறங்கினா நம்ம பொறுப்பு இல்ல. பழைய சாமானுக்கு அதான் வழக்கம்.”

என்ன வழக்கம் இது? கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறவனும் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறான். 5,500 ரூபாய்க்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டுமாம். இரண்டு மணி வரை உட்காருகிறேன் என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

11.20. ஒரு டீ, 12 ரூபாய். சும்மா இருக்க முடியாமல் பவர் சப்ளையைத் திருப்பினேன். பின்பக்கத் தகட்டில், மின்விசிறிக்குக் கீழே, வரிசையாகச் சந்தனப் பொட்டுகள். ஐந்து. கடைசிப் பொட்டு போன மாதத்து ஆயுத பூஜையுடையது. சந்தனம் மஞ்சளாக, குங்குமம் சிவப்பாக இருந்தது. அதற்கு முந்தியது பழுப்பு. அப்படியே வெளுத்துக்கொண்டு போய், முதல் பொட்டு வெறும் வெள்ளை வளையம்.

“ஒரு வருசம்னீரே, அஞ்சு ஆயுத பூஜை எங்கன இருந்து வந்துது?”

“அது ஒரே பூசைக்கு வச்ச பொட்டுதான் அண்ணாச்சி. அஞ்சு பொட்டு வச்சா சாமி வேண்டாம்னா சொல்லும்?”

“ஒரே நாள் வச்ச பொட்டு அஞ்சு நெறமாவா வெளுக்கும்?”

கரண்டு எப்போது வரும் என்று கேட்க வந்து நின்ற எதிர்க்கடைத் தையல்காரம்மா சிரித்துவிட்டார். “ஒரே நாள்ல அஞ்சு பொட்டு வைக்க மெஷின் என்ன கல்யாணப் பொண்ணா? நானும் வருசத்துக்கு ஒண்ணுதான் வைக்கேன். முன்பக்கம் உள்ளதைத் தொடச்சிருவோம். பின்பக்கம் யாரு தொடைக்கா?”

“நீ கரண்டு கேக்கத்தான வந்த?” என்றார் சேர்மத்துரை.

“ஆமா. அது வார வரைக்கும் சும்மாதான நிக்கேன்.”

சேர்மத்துரை குரலை இறக்கினார். “ஜெராக்ஸ் கடைக்காரரு எங்கிட்ட ஒரு வருசம்னுதான் சொன்னாரு.”

“அவரு சொன்னாரு, நீரும் சொல்லுதீரு. பொட்டு வேற சொல்லுது வே. போன தடவை இப்படித்தான் ஏமாந்து நாலு வருச மழையைத் தொலைச்சேன்.”

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயதைப் பார்க்காமல் யாரும் கயிறு மாற்றுவதில்லை. பார்க்க வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலும் அங்கே எவருக்கும் கிடையாது. இங்கே பல்லும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்தப் பவர் சப்ளையை அவரிடமே தள்ளினேன். மற்றவற்றை 3,900 ரூபாய்க்கு இறக்கினேன். பெட்டி பிரிக்காத புதுப் பவர் சப்ளை ஒன்று 1,250.

இரண்டு மணி தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் கரண்டு வந்தது. கடை மேசையிலேயே பூட்டி, நாற்பது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். “புகை வரலைல்லா? கெளம்புங்க அண்ணாச்சி” என்றார் சேர்மத்துரை. இன்னொரு டீ, 12 ரூபாய்; அவர் வாங்கித் தரவில்லை.

3.40 பஸ். பையை மடியைவிட்டு இறக்கவில்லை. “என்ன பெரியவரே, உள்ள கோழிக்குஞ்சா?” என்றார் கண்டக்டர். டிக்கெட் 18.

மாலை ஆறரைக்கு வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். பதினொரு திருகாணி. திரை வெளிச்சம் பிடித்ததும் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, “எங்கன வைக்க?” என்றாள்.

“பின்னாடி, பவர் சப்ளை மேல. ஒண்ணே ஒண்ணு. வருசா வருசம் பக்கத்துல வச்சிட்டு வா, பழசைத் தொடைக்காத. நாளைக்கு இதை வாங்குதவன் எண்ணிப் பார்க்கட்டும்.”

முதல் நோட்டைப் பிரித்து ஏற்றத் தொடங்கினேன். தொலைந்த நான்கு ஆண்டு மழைக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஆன மற்றதெல்லாம் சேர்த்து 5,210 ரூபாய்.